கூலிப்படையும் செஞ்சோற்றுக் கடனும்

சிங்கப்பூரில் ரோச்சோர் கால்வாயின் ஒரு புறம் சிம் லிம் சதுக்கம். மறு புறம் தேக்கா. முன்னது கணினியும் அதன் உறுப்புகளும் வாங்குவோர் நாடிச் செல்லும் கடைத்தொகுதி. பின்னது, ஒப்பந்தத்தின்பேரில் கடல் கடந்து வந்து உழைக்கும் தொழிலாளர் ஞாயிறுதோறும் ஒன்று கூடும் இடம். இரண்டிற்கும் இடைத்தொலைவு சிறிதே. ஆயினும் இரண்டனையும் ஒருசேர வைத்து எண்ணிப் பார்ப்போர் அரியர். அங்ஙனம் எண்ணத் தூண்டும் கணினி ஆட்டம் ஒன்று உண்டு. கூலிக்கு வீரர்களை அமர்த்தி, முறைவைத்து அவர்களை நகர்த்திப் போர் செய்யும் ஆட்டம் அது. ஜாகிட் அலையன்ஸ் என்பது அதன் பெயர். அதன் முதற்பகுதி 1995ஆம் ஆண்டிலும், இரண்டாம் பகுதி 1999ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. நெடுங்காலம் கழித்து, பல்கேரிய நாட்டுக் கலைஞர் ஆக்கிய மூன்றாம் பகுதி 2023ஆம் ஆண்டில் வந்தது. இம்மூன்றனுள் ஆடுவோர் நெஞ்சில் ஆழப் பதிந்தது இரண்டாம் பகுதியே. ஈண்டு ஆராயப்பெறுவதும் அதுவே.

ஆட்டம் என்றவுடன் அது திறனாய்வுக்கு உரியதன்று என்று ஒதுக்குதல் எளிது. கதையும் மாந்தரும் உரையாடலும் முரணும் முடிவும் ஒன்றனிடத்து அமைந்திருக்குமாயின், அது ஏட்டில் இருந்தால் என்ன, மேடையில் இருந்தால் என்ன, திரையில் இருந்தால் என்ன? ஆராய்தற்கு உரியதே ஆகும். மேலும், நாடகம் காண்போன் வாளா இருக்கின்றான். ஆட்டம் ஆடுவோனோ தானே தேர்ந்து தானே செய்கின்றான். ஆதலின் ஓர் ஆட்டத்தின் அறம் அதன் கதையில் மட்டும் இல்லை. அதன் விதிகளிலும் உறைகின்றது. விதி எதற்கு விலை வைக்கின்றது, எதனைக் கணக்கில் கொள்ளாது விடுகின்றது என்று நோக்குவதே இத்தகைய திறனாய்வின் வேலை.

கூலி என்னும் சொல்

கூலிப்படை என்னும் சொல் இன்று இழிபொருளில் வழங்குகின்றது. பணம் பெற்றுக்கொண்டு கொலை செய்யும் கூட்டத்தையே நாளிதழ்கள் அச்சொல்லால் குறிக்கின்றன. பண்டு அதற்கு அவ்விழிவு இல்லை. திருக்குறளின் படைமாட்சிக்கு உரை கண்ட பரிமேலழகர், மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை எனப் படையை ஆறாகக் கொள்வர். அவற்றுள் வழிவழி வந்த மூலப்படையே தலையாயது என்பது அவர் கருத்து. கூலிப்படை அதனின் தாழ்ந்ததாயினும், அரசனுக்கு உரிய படைகளுள் ஒன்றாகவே எண்ணப்பெற்றது.

சிங்கப்பூரும் கூலி பெற்ற படைஞரால் காக்கப்பட்ட நகரமே. 1819ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் வந்தபோது அவருடன் வங்காளச் சிப்பாய்களும் வந்தனர். பின்னர்ச் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் இங்குக் காவல் புரிந்தனர். ஊட்ரம் பகுதிக்குச் 'சிப்பாய் லைன்ஸ்' என்ற பெயர் அவர்கள் குடியிருப்பால் வந்தது. 1949ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற கூர்க்காப் பிரிவு இன்றும் காவல்துறையின் அங்கமாக விளங்குகின்றது.

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த தமிழர் வரலாற்றில் கூலி என்ற சொல் வேறொரு வடுவையும் தாங்கியுள்ளது. உழைப்பின் விலைக்குப் பெயராக இருந்த சொல், உழைப்பவனுக்கே பெயராயிற்று. தோட்டத்துப் பேரேட்டில் ஆளின் பெயர் ஒடுங்கியது. கூலி என்பதே எஞ்சியது. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. சொல்லின் வடு அவ்வளவு விரைவில் ஆறவில்லை. கூலிக்கு வருவோனைப் பெயருடைய மனிதனாகக் காண்பதா, எண்ணாகக் காண்பதா? இவ்வினாவைத் தன் விதிகளாலேயே எழுப்புவதுதான் ஜாகிட் அலையன்ஸ் ஆட்டத்தின் சிறப்பு.

அருல்கோவின் கதை

கனடா நாட்டுச் சர்-டெக் நிறுவனம் ஆக்கிய இவ்வாட்டத்தின் களம் அருல்கோ என்னும் கற்பனை நாடு. அதனை ஆண்ட என்ரிக்கோ சிவல்டோரி, தன் மனைவி டெய்ட்ரான்னாவின் சூழ்ச்சியால் ஆட்சி இழந்து நாடு விட்டு ஓடுகின்றான். கொடுங்கோல் செலுத்தும் அவளை வீழ்த்த, ஆடுவோனிடம் பொருள் கொடுத்துப் பொறுப்பினை ஒப்படைக்கின்றான். ஆடுவோன் ஒரு மடிக்கணினியைத் திறந்து, எய்ம் என்னும் கூலி வீரர் சங்கத்தின் பட்டியலை நோக்குகின்றான். அங்கு ஒவ்வொருவர்க்கும் படமும் வரலாறும் திறமைக் கணக்கும் நாட்கூலியும் உண்டு. அழைத்துப் பேசிக் கூலிக்கு அமர்த்தலாம்.

போர் முறைவைத்து நடக்கின்றது. ஒவ்வொரு வீரனுக்கும் அம்முறைக்கு இவ்வளவு என்று செயல்புள்ளிகள் அளந்து தரப்படுகின்றன. நடத்தல், பதுங்குதல், குறி பார்த்தல், சுடுதல் ஆகிய யாவும் அப்புள்ளிகளைச் செலவிடும். களைத்தவனுக்கும் காயம்பட்டவனுக்கும் அவை குறையும். பகைவன் முறையில் அவன் கண்ணெதிரே தோன்றினால், விரைவும் பட்டறிவும் உடைய வீரன் இடைமறித்துச் செயற்படுவான். காயத்திலிருந்து குருதி ஒழுகிக்கொண்டே இருக்கும். கட்டுப் போட ஒருவன் அருகே செல்லவேண்டும். போர் முடிந்தபின் மருத்துவம் தெரிந்தவன் நாட்கணக்கில் உடனிருந்து ஆற்றவேண்டும். வீரர்க்கு உறக்கமும் வேண்டும்.

சதுரங்கத்தோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். சதுரங்கத்தில் எட்டுக் காலாளும் ஒருவரே. ஒன்றனை இழந்து ஒன்றனைப் பெறுவது ஆற்றலாகக் கொள்ளப்படும். இங்கோ ஒவ்வொருவர்க்கும் தனிக்குரல் உண்டு. முதற்பகுதியில் ருசிய மொழியே பேசிய இவான் டோல்விச், இரண்டாம் பகுதியில் அரைகுறை ஆங்கிலம் பேசுகின்றான். அவன் உறவினன் இகோரும் கூலிக்குக் கிடைப்பான். ஒருவன் வெற்றியில் பூரிக்கின்றான். ஒருவன் இருளில் முணுமுணுக்கின்றான். நண்பன் வீழ்ந்தால் ஒருவன் உள்ளம் தளர்கின்றான். ஆடுவோன் காயை இழப்பதில்லை, ஆளை இழக்கின்றான்.

அறுவகைப் படையும் ஆட்டமும்

பரிமேலழகர் காட்டிய பகுப்பை மனத்திற்கொண்டு இவ்வாட்டத்தை நோக்குதல் பயனுடையது. தொடக்கத்தில் ஆடுவோன்பால் இருப்பது கூலிப்படை மட்டுமே. அவர்கள் வானூர்தியிலிருந்து ஒமெர்ட்டா என்னும் ஊரில் இறங்குகின்றனர். அங்கு மறைந்து வாழும் கிளர்ச்சியாளர் உணவின்றி வாடுகின்றனர். அவர்கட்கு உதவி செய்தால் அவர்களுள் சிலர் உடன் வருவர். ஐரா, டிமிட்ரி, பின்னர் மிகுவெல், கார்லோஸ் ஆகிய இவர்கள் கூலி கேட்பதில்லை. இது துணைப்படை. தொடக்கத்தில் வரும் ஐராவும் டிமிட்ரியும் போர்த்திறத்தில் சங்கத்தின் சிறந்த வீரர்க்கு நிகராகார். ஆயினும் ஒப்பந்தம் முடிந்தது என்று அவர்கள் புறப்பட்டுச் செல்வதும் இல்லை. அது அவர்கள் நாடு.

அடுத்து, ஓர் ஊர் மீட்கப்பட்டவுடன் இன்னொரு சிக்கல் எழுகின்றது. கூலி கொடுக்கப் பொருள் வேண்டும். பொருள் சுரங்கங்களிலிருந்து வரும். சுரங்கங்களோ ஊர்களில் உள்ளன. ஊரைக் காவலின்றி விட்டு முன்னேறினால் அரசியின் படை வந்து மீட்டுக்கொள்ளும். எல்லா ஊர்களிலும் கூலி வீரரை நிறுத்தவும் இயலாது. ஆதலின் ஊர்மக்களையே பயிற்றி நாட்டுப்படை அமைக்கவேண்டும். அதற்கோ அவ்வூரார் ஆடுவோன்மாட்டு ஓரளவேனும் பற்றுக் கொண்டிருத்தல் வேண்டும். குடிமக்களைக் கொன்றால் பற்றுக் குறையும்; நல்லன செய்தால் வளரும். கூலியால் ஒரு நாட்டை வெல்லலாம். கூலியால் மட்டும் காக்க இயலாது. இக்கருத்தை ஆட்டம் எந்த வசனத்தாலும் சொல்லவில்லை. கையிருப்புக் குறையக் குறைய, ஆடுவோன் தானே உணர்கின்றான். மூலப்படைக்கு ஏன் அத்துணைச் சிறப்பு என்பதை மாணவர்க்கு விளக்க முற்படும் ஆசிரியர்க்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

மறுக்கும் உரிமை

இவ்வாட்டத்தின் உயிர்நிலை ஒப்பந்தமே. ஒரு நாள், ஒரு வாரம், இரு வாரம் என மூவகை ஒப்பந்தம் உண்டு. சிலர் மருத்துவத்திற்கென்று முன்பணம் கேட்பர். காயமின்றித் திரும்பினால் அது மீளக் கிடைக்கும். நாள் முடிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். இல்லையேல் வீரன் மூட்டை கட்டிவிடுவான். மெர்க் என்னும் மலிவான நிறுவனமும் ஒன்று உண்டு. அங்குக் கடைக்கணக்குப் போலப் பின்னர்க் கொடுக்கலாம். கொடாது நாள் கடத்தினால் ஆள்கள் நில்லார்.

இவற்றினும் சிறந்தது மறுக்கும் உரிமை. தனக்கு ஒவ்வாதவன் அணியில் இருந்தால் ஒருவன் வர மறுப்பான். ஆடுவோனிடம் பணி செய்து மாண்டோர் பலராயின், அச்செய்தி பரவி, எவ்வளவு பொருள் காட்டினும் சங்கத்து வீரர் வாரார். ஆள்களை வீணே பலி கொடுக்கும் தலைவனுக்கு ஆள் கிடைக்காது என்பது இவ்வாட்டத்தின் விதி. இஃது அரியதோர் அறம்.

வரலாறு இத்துணைக் கனிவுடையதன்று. பொலன்னறுவையில் முதலாம் விசயபாகுவின் கீழ் வேளைக்காரர் என்னும் படையினர் இருந்தனர். அவர்களைக் கூலிப்படையினர் எனக் கருதும் வரலாற்றாசிரியர் உளர். 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சோழர்மேல் படையெடுத்துச் செல்ல மனமின்றி அவர்கள் கிளர்ந்தெழுந்தனர், தளபதியரைக் கொன்றனர், அரண்மனையை எரித்தனர். அரசன் மீண்டு வந்து அத்தலைவர்களைத் தீயிலிட்டுக் கொன்றான் என்று சூளவமிசம் கூறுகின்றது. ஆயின் அவ்வரசன் மறைந்தபின், புத்தரின் பல்லினை வைத்த கோயிலைக் காக்கும் பொறுப்பு அவ்வேளைக்காரரிடமே வந்தது. வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் முதலிய பிரிவினர் கூடி அப்பொறுப்பை ஏற்ற செய்தியைப் பொலன்னறுவையிலுள்ள தமிழ்க் கல்வெட்டு இன்றும் காட்டுகின்றது. போருக்கு மறுத்தவரிடமே பெரும்பொருள் ஒப்படைக்கப்பட்டமை எண்ணி எண்ணி வியத்தற்குரியது.

சிங்கப்பூர் தானும் அத்தகைய மறுப்பு ஒன்றினைக் கண்டதுண்டு. 1915ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், ஐந்தாம் இலகு காலாட்படைச் சிப்பாய்கள் அலெக்சாண்ட்ரா முகாமில் கிளர்ந்தனர். ஹாங்காங்குக்குப் புறப்படவிருந்த அவர்களிடையே, துருக்கியரோடு போரிட அனுப்பப்படப் போவதாக வதந்தி பரவியிருந்தது. கிளர்ச்சியில் பலர் உயிர் இழந்தனர். பின்னர் 47 சிப்பாய்கள் ஊட்ரம் சிறை மதிலருகே சுட்டுக் கொல்லப்பட்டனர். திரையில் மறுப்பு என்பது ஒரு வாக்கியம். மண்ணில் அதன் விலை உயிர்.

தமிழ் மரபு இங்கு வேறொரு வழியில் செல்கின்றது. செஞ்சோற்றுக் கடன் என்பது அதன் பெயர். உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுத்த கர்ணனும், தவறு என்று தமையனுக்கு எடுத்துரைத்தும் அவனுக்காகவே போர்க்களம் புகுந்த கும்பகருணனும் தமிழர் நெஞ்சில் நீங்கா இடம் பெற்றோர். அவர்கள் பெருமை குன்றாதது. ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகின்றது. உண்டவன்மேல் கடன் உண்டு எனின், ஊட்டியவன்மேல் கடன் இல்லையா? இருந்தது என்பதே பழந்தமிழகத்தின் விடை. போருக்குமுன் அரசன் வீரரோடு அமர்ந்து அளிக்கும் விருந்தினைப் பெருஞ்சோற்று நிலை என்று ஒரு துறையாகவே வைத்தார் தொல்காப்பியர். வீழ்ந்தவனுக்குப் பெயரும் பீடும் பொறித்து நடுகல் எடுத்தனர். அவன் குடும்பத்திற்கு நிலம் வழங்கினர். அந்நிலத்தை உதிரப்பட்டி என்று கல்வெட்டுகள் வழங்கும். கடன் இருபாலது.

சிங்கப்பூரில் எழுந்த ஆட்டம்

கூலிப்படையைப் பொருளாகக் கொண்ட ஆட்டம் ஒன்று சிங்கப்பூரிலேயே உருவாயிற்று என்பதும் அறியத்தக்கது. விட்சிங் அவர் ஸ்டூடியோஸ் என்னும் சிங்கப்பூர் நிறுவனம் 2011ஆம் ஆண்டில் ரேவன்மார்க் என்ற முறையாட்டத்தைக் கைக்கருவிகளுக்கென வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக 2013ஆம் ஆண்டில் வந்தது ரேவன்மார்க்: மெர்சனரீஸ். ஆடுவோர் இருவரும் கூலிப்படைத் தலைவர். ஒருவர் தம் முறையை ஆடி அனுப்பிவிட்டு, மற்றவர் ஆடும்வரை காத்திருப்பர். சிறு நாட்டில் சிறு குழுவினர் தாமே ஓர் உலகினைப் படைத்து, அதற்கு வரலாறும் ஓவியமும் அமைத்தமை பாராட்டுக்குரியது.

அவ்வாட்டத்தின் அழகு அணிவகுப்பில் உள்ளது. அடுத்தடுத்து நிற்கும் படைப்பிரிவுகளை ஒன்றாக இணைத்து, ஓர் ஆணையால் இயக்கலாம். வியூகம் என்று தமிழர் கதைகளில் கேட்டதனைக் கண்ணாற் கண்டு கையால் அமைக்கும் இன்பம் அதில் உண்டு. ஆயின் அந்த அணியில் நிற்கும் வீரனுக்குப் பெயர் இல்லை. அவன் மறுக்கவும் மாட்டான். ஓர் அணி அழிந்தால் ஓர் அணியின் விலை போயிற்று, அவ்வளவே. பெருநிலப் போரைக் காட்டும் ஆட்டம் தனியாளைக் காட்டவில்லை என்று பழித்தல் முறையன்று. எனினும் இரண்டனையும் அடுத்தடுத்து ஆடுவோர்க்கு வேறுபாடு ஒன்று புலப்படும். ஒன்றில் ஆடுவோன் படையை நடத்துகின்றான். மற்றொன்றில் ஆள்களோடு வாழ்கின்றான். வெளிநாட்டிலிருந்து வந்த உழைப்பாளரை நாள்தோறும் காணும் ஒரு நகரத்திற்கு இவ்வேறுபாடு வெறும் ஆட்ட நுட்பம் அன்று.

கணக்கில் வராதவை

ஜாகிட் அலையன்ஸின் குறைகளையும் கூறல் வேண்டும். முதலாவது, அதன் மாந்தர் பலர் நாட்டுக்கு ஒரு முத்திரை குத்திய உருவங்கள். ருசியன் இப்படி, ஸ்காட்லாந்துக்காரன் இப்படி என்று பேச்சின் ஒலியைக்கொண்டு நகைப்பு விளைவிக்கின்றனர். நகைச்சுவைதான், ஆயினும் பல இனத்தார் ஒன்றி வாழும் சிங்கப்பூரில், பிறன் பேசும் முறையை நகைப்பது எங்குப் போய் முடியும் என்பதை ஆசிரியர்கள் நன்கு அறிவர். இரண்டாவது, பெயரும் குரலும் ஆடுவோன் பக்கத்தார்க்கே. அரசியின் சாதாரணப் படைஞனும் கூலி பெற்று வந்தவனே. அவனுக்கோ ஒரு பெயரும் இல்லை.

மூன்றாவது குறையே பெரிது. ஆட்டத்தில் வீரனின் உயிருக்குக் காப்புறுதி எடுக்கலாம். அவன் இறந்தால் பணம் வரும். யாருக்கு? அமர்த்திய ஆடுவோனுக்கு! இறந்தவனுக்குத் தாய் உண்டா, மனைவி மக்கள் உண்டா என்று ஆட்டம் கேட்பதே இல்லை. இத்துணைப் பேச்சும் இத்துணைக் குணமும் கொடுத்து உயிர்பெறச் செய்த ஒருவனை, இறந்த நொடியில் முதலாளியின் இழப்பாக மாற்றிவிடுகின்றது அக்கணக்கு. உதிரப்பட்டி கொடுத்த மரபு இதனை ஏற்காது. இன்றைய சட்டமும் ஏற்காது. சிங்கப்பூரின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டப்படி, பணியில் இறந்த தொழிலாளியின் இழப்பீடு அவனைச் சார்ந்தோர்க்கே உரியது. காயமுற்றவன் ஒப்பந்தம் முடிந்து ஊர் சென்றபின் எங்ஙனம் வாழ்ந்தான் என்பதும் ஆட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டு நின்றுவிடுகின்றது.

இக்குறையைப் பின்வந்த ஓர் ஆட்டம் ஓரளவு நீக்கியது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள ஓவர்ஹைப் ஸ்டூடியோஸ் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட பேட்டில் பிரதர்ஸ் என்னும் ஆட்டமே அது. அதில் கூலிக்கு வருவோர் உழவர், மீனவர், இரவலர் எனப் பற்பல தொழிலினர். நாள்தோறும் கூலியும் உணவும் தரவேண்டும். தரத் தவறினால் ஓடிவிடுவர். சில காயங்கள் ஆறா வடுவாக நிலைக்கும். பணியிலிருந்து நீக்கும்போது இழப்பீடு கொடுத்து அனுப்பவும் அதில் இடமுண்டு. மாண்டோர்க்கென்று ஓர் ஏடும் உண்டு. அதில் அவன் பெயரும், உடனிருந்த நாள்களும், மாண்ட வகையும் குறிக்கப்பெறும். கல்லில் இல்லை, திரையில் உள்ளது. ஆயினும் அதனை நடுகல் என்று அழைப்பதில் தவறில்லை.

முடிவாக

கொலையும் குருதியும் உள்ள ஆட்டத்தைப் போற்றலாமா என்று ஐயுறுவோர் உண்டு. இளஞ்சிறார்க்கு அஃது உரியதன்று என்பது உண்மையே. ஆயின் புறத்திணையும் பரணியும் பயின்ற தமிழர்க்குப் போரைப் பாடுதல் வேறு, போரை விரும்புதல் வேறு என்பது தெரியாததன்று. போரின் நடுவே மனிதனைக் காட்டுகின்றதா, மறைக்கின்றதா என்பதே உரைகல். அவ்வுரைகல்லில் ஜாகிட் அலையன்ஸ் முழுப்பொன் அன்று. பொன் கலந்தது என்பதில் ஐயமில்லை.

கூலி வாங்குதல் இழிவன்று. கூலி கொடுத்தோன், வாங்கியவனுக்கு ஒரு பெயர் உண்டு என்பதை மறத்தலே இழிவு. ஞாயிறு மாலை தேக்காவின் தெருக்களில் நிற்கும் ஒவ்வோர் உழைப்பாளியின் பின்னும் ஓர் ஒப்பந்தம் இருக்கின்றது; அதற்குப் பின் ஒரு குடும்பம் இருக்கின்றது. திரையில் ஓர் ஆளைக் கூலிக்கு அமர்த்தும் இளைஞன், விலையைப் பார்க்கும் முன்னர் அவன் பெயரைப் படிக்கப் பழகுவானாயின், அப்பழக்கம் கால்வாயின் இக்கரைக்கும் வரக்கூடும். அது வருமாயின், ஊட்டியவன்மேலும் கடன் உண்டு என்ற பழந்தமிழ் அறம் புதியதோர் ஆட்டத்தின் வழியாகவும் கற்பிக்கப்பட்டதாகும்.